ஆடியில் ஒரு முகூர்த்தம்

ஜூலை 19, ஞாயிறு. சென்னை

தாலி கட்டும் நேரத்தில் அக்கா எங்கே நிற்கிறாள்?

நூருன்னிசா இன்று கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் தெரியவில்லை. "கூட்டத்தில்" என்றேன்.

"கூட்டத்துல எங்க மேடம்? தூண் பக்கத்துலயா, மணவறைக்குப் பின்னாலயா? நீங்க சொன்னாத்தான் கேமராவை எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியும்."

வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டுத் திரைக்கதையைப் புரட்டினேன். தேங்காய் உடைப்பதற்கே அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். தாலி கட்டுவதற்கு ஒரே வரி.

படப்பிடிப்பு நாட்குறிப்பு ஒன்று எழுதி, படத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சி நிறுவனத்தின் விதி. ஆகவே முறைப்படி சொல்லிவிடுகிறேன். என் பெயர் திலகவதி. ஐம்பதை நெருங்குகிறேன். நிலத்தடி நீர்த் துறையில் நிலவியலாளர். கருவி வைத்து நான் இடம் குறித்துக் கொடுத்தாலும், உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்ப்பவரையும் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் பக்கத்து விவசாயிகள் துளை போடுவார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் அப்படிப் போயின. இப்போது சம்பளமில்லா விடுப்பில் ஓராண்டு திரைப்படப் படிப்பு. ஏன் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஆர்வம் என்றேன்.

நூருன்னிசா ஆம்பூர்க்காரி. என் வகுப்புத் தோழி, என் படத்தின் ஒளிப்பதிவாளர். ஒலிப்பதிவுக்குச் செபஸ்தியான், தூத்துக்குடிப் பையன். எல்லாரும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் வாரம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

படம் பதினைந்து நிமிடம். தங்கையின் கல்யாணக் காலையில், கல்யாணமாகாத அக்கா ஒருத்தி என்ன செய்கிறாள் என்பது கதை. கற்பனைதான். படித்துப் பார்த்த ஆசிரியர், "இதுல யாருக்கும் ஒண்ணும் நடக்கலையேம்மா" என்றார்.

மண்டபம் பண்ருட்டியில் கிடைத்திருக்கிறது. ஆடியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார் மேலாளர் தனகோட்டி. ஆடியில் கல்யாணப் படம் எடுப்பது என் யோசனை. வகுப்பில் கைதட்டினார்கள். பண்ருட்டி என் சொந்த ஊரான கெடிலத்துக்குப் பக்கம் என்பதற்கும் இந்தத் தேர்வுக்கும் தொடர்பில்லை.

ஜூலை 22, புதன்

நாளை கிளம்ப வேண்டும். நிறுவனத்தின் கேமரா ஞாயிறு மாலை வரைதான் எங்களுக்கு. திங்கள் காலை அடுத்த குழுவிடம் போய்விடும். மூன்று நாளில் முடியவில்லை என்றால் படம் இல்லை. படம் இல்லை என்றால் பட்டயமும் இல்லை. அலுவலகத்தில் எல்லாரும் பல்லைக் காட்டாமல் சிரிப்பார்கள்.

சாமான் அறைக் காட்சிக்கான பொருட்களை இன்று எடுத்து வைத்தோம். வெற்றிலைக் கவுளியை ஈரச் சாக்கில் சுற்றி மூலையில் வைக்க வேண்டும், தேங்காயைக் குடுமியோடு சுவரோரம் அடுக்க வேண்டும், சந்தனக் கும்பாக்களைக் கவிழ்த்து வைக்க வேண்டும், மேலே இருக்கும் சின்ன ஜன்னலிலிருந்து வெளிச்சம் சர்க்கரை மூட்டையின் மேல் விழ வேண்டும், கதவைச் சாத்தினால் உள்ளே வாழைப்பழ வாசம்தான் இருக்கும் என்றெல்லாம் நூருக்குச் சொன்னேன்.

"வாசத்தை நான் எப்படி மேடம் எடுக்கிறது?" என்றவள், கும்பாக்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "சாமான் ரூம் இவ்ளோ தெளிவா சொல்றீங்க. மணவறை மட்டும் யூடியூப் பாத்து சொல்றீங்க" என்றாள்.

பெட்டியைக் கட்டும் வேலை இருந்தது. கட்டினேன்.

தங்கை மங்கை நெய்வேலியிலிருந்து பேசினாள். எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா, முட்டி வலி எப்படி. எல்லாம் சொன்னேன். பண்ருட்டி வருவதைச் சொல்லவில்லை. நெய்வேலிக்கும் பண்ருட்டிக்கும் ஒரு பஸ் தூரம். தெரிந்தால் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நின்று வேலையைக் கெடுப்பாள்.

ஜூலை 23, வியாழன். பண்ருட்டி

மண்டபத்தை நெருங்கும்போதே வேனில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டோம். பேசினால் கேட்கவில்லை.

மண்டபத்துக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு மாரியம்மன் கோயில். ஆடித் திருவிழா. மரத்துக்கு மரம் குழாய் ஒலிபெருக்கி கட்டி, அதில் ஒன்றைச் சரியாக எங்கள் மணவறையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள்.

ஆடியில் மண்டபம் காலியாக இருக்கும் என்பது வரை யோசித்தேன். ஆடியில் ஊரில் வேறு என்ன நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வகுப்பில் கைதட்டிய ஒருவருக்கும் தோன்றவில்லை. கிணறு தோண்ட நல்ல இடம் பார்த்துவிட்டு, அங்கே ஏற்கெனவே ஏரி இருப்பதைக் கவனிக்காதவள் கதைதான்.

செபஸ்தியான் மைக்கை மண்டபத்தின் நடுவில் பிடித்துக் காதில் ஹெட்போனை மாட்டினான். உடனே கழற்றினான்.

"என்ன?" என்றேன்.

"அம்மன் மட்டுந்தான் இருக்கா மேடம். நம்ம யாருமே இல்ல. இதுல ஒண்ணுஞ் செய்ய முடியாது பாத்துக்கிடுங்க."

தனகோட்டியிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "சினிமான்னா அப்புறமா பேசிச் சேத்துக்குவாங்கன்னு நெனச்சங்க" என்றார். அதற்கான நாளும் வசதியும் எங்களுக்கு இல்லை.

எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பசி எடுத்தது. நான்கு இட்லி சாப்பிட்டேன்.

ஜூலை 24, வெள்ளி

காலையில் பேச்சு வேண்டாத காட்சிகளை எடுத்தோம். மணப்பெண்ணாக நடிப்பவள் இலக்கியா, இந்த ஊர்க் கல்லூரி மாணவி. அவளுக்குத் தலை பின்னிப் பூ வைக்கும் காட்சி. அக்காவாகப் புதுச்சேரி நாடகக்குழு ஒன்றிலிருந்து தாமரை. நல்ல நடிகை, குறைவாகச் செய்கிறாள்.

முதன்முறையாக "ஆக்‌ஷன்" என்று சொன்னேன். குரல் சரியாக வந்தது. இருந்தாலும் சர்க்கரை இறங்கியிருக்கிறதோ என்று கருவியில் பார்த்துக்கொண்டேன். இல்லை.

பிற்பகல் கோயில் நிர்வாகிகளைப் பார்க்கப் போனேன். தலைவர் கலியபெருமாள், மஞ்சள் வேட்டி, கையில் காப்பு. ஒலிபெருக்கியைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"அது எப்படிங்க? ஆத்தா வருசத்துக்கு ஒருதரம் காது குளிரக் கேக்குது. நீங்க எங்கிருந்தோ வந்து நிறுத்தும்பீங்க."

"தினமும் ஒரு மணி நேரம் போதும்."

"அம்மன் கோவிச்சுக்கிட்டா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

அம்மன் கோபித்துக்கொள்ளும் என்பதற்கு ஆதாரம் கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. இன்று கேட்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். கோயில் பக்கத்துத் திடலில் அடுப்பு வெட்டியிருந்தார்கள். நேற்றைய மழையில் அது முழுக்கத் தண்ணீர். இரண்டு பேர் தகரம் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். செம்மண்ணுக்கு அடியில் களிமண். இறைக்க இறைக்க ஊறும். இது எனக்குத் தெரிந்த விஷயம்.

"இது ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வடியாதுங்க. அன்னதானத்துக்கு எங்க சமைப்பீங்க?" என்றேன்.

அவர் மண்டபத்துச் சமையல்கட்டைப் பார்த்தார். அதை மூன்று நாளும் எடுத்திருப்பது நாங்கள்.

அதன் பிறகு பேச்சு சுலபமாக இருந்தது. சமையல்கட்டு அவர்களுக்கு. நான் ஆள் அனுப்பும்போதெல்லாம் ஒலிபெருக்கி நிற்கும். ஞாயிறு அன்னதானத்துக்கு வருகிறவர்கள் சாப்பிடும் முன்னால் நல்ல உடுப்போடு எங்கள் மண்டபத்தில் கல்யாணக் கூட்டமாக உட்காருவார்கள். கோயில் மேளக்காரர்கள் எங்களுக்கும் வாசிப்பார்கள். கூட்டத்துக்கு ஆள் தேடி அலைந்துகொண்டிருந்த நூருன்னிசா, விஷயத்தைக் கேட்டதும் என் தோளில் அடித்துவிட்டாள். பிறகு "சாரி மேடம்" என்றாள்.

கிளம்பும்போது கலியபெருமாள் கூப்பிட்டார். "நீங்க கெடிலம் வாத்தியாரு பெரிய பொண்ணுதான? தங்கச்சிய நெய்வேலில குடுத்தீங்க."

ஆமாம் என்றேன். ஊர் சின்னது என்பதை மறந்துவிட்டேன். இது இன்னொரு தவறு.

நூர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மணவறைக்கு இடப்பக்கத் தூணைக் காட்டினேன். அங்கே தாமரையை நிறுத்திப் பார்த்தோம். யாரோ பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி இருந்தாள்.

ஜூலை 25, சனி. காலை

மணப்பெண் போய்விட்டாள்.

இலக்கியாவின் அம்மா அஞ்சலை வந்தார். கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். "தல பின்னி பூ வெச்சீங்க, செரி. நாளிக்கி மணவறையில குந்த வெச்சி தாலி கட்டப் போறீங்களாமே. கல்யாணம் ஆவாத பொண்ணுங்க இது. ஆடியில கழுத்துல ஏறுச்சின்னா நாளைக்கி எவன் கட்டுவான்?"

"அது தாலியே இல்லைங்க. வெறும் மஞ்சள் கயிறு."

"கயிறுதாங்க தாலி. தங்கமெல்லாம் அப்புறந்தான."

இலக்கியா தரையைப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் முகம் வரும் காட்சிகள் எல்லாம் எடுத்தாகிவிட்டது என்பது ஒன்றுதான் ஆறுதல். பாக்கி முகூர்த்தம். அதுதான் படம்.

"நான் உக்காரட்டுமா மேடம்?" என்றாள் நூர். "எங்கம்மா ஆடியெல்லாம் பாக்க மாட்டாங்க. ஆனா தாலின்னு காதுல விழுந்தா ஆம்பூர்லேர்ந்து நடந்தே வந்துருவாங்க."

"நீ உட்கார்ந்தால் கேமராவை யார் பார்ப்பது?"

"அதான் யோசிக்கிறேன்."

வேறு பெண்களைக் கேட்டுப் பார்த்தோம். எல்லாருக்கும் ஓர் அம்மா இருக்கிறார்.

சனி. மாலை

இதைச் சமர்ப்பிக்கப் போவதில்லை. நிறுவனத்துக்கு வேறொன்று எழுதிக்கொள்கிறேன்.

மதியம் சாமான் அறைக் காட்சி. ஒலிபெருக்கியை நிறுத்தியாகிவிட்டது. வெளியே மேளக்காரர்கள் கெட்டி மேளம் வாசிக்க, உள்ளே தாமரை தேங்காய்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். மேளம் கேட்டதும் ஒரு நொடி நிறுத்திவிட்டு மீண்டும் முதலிலிருந்து எண்ணுகிறாள். அவ்வளவுதான். ஆடியில் வாசிப்பார்களா என்று பயந்தேன். தவில்காரர், "கெட்டி மேளம் எந்த மாசத்துலயும் கெட்டி மேளந்தான், நீங்க சைகை காட்டுங்க" என்றார்.

இரண்டாவது டேக் நன்றாக வந்தது. நூர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இதற்காகத்தான் இந்த வயதில் வந்தேனோ என்று நினைத்தேன்.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மங்கை இறங்கினாள், பின்னால் அவள் கணவர் ராஜவேலு. அவர் கையில் பழத்தட்டு, இவள் கையில் துணிக்கடைப் பை. மங்கைக்கு மூச்சு வாங்கியது.

"ஆடியிலயா? யாருக்கும் சொல்லாமயா? யாருக்கா மாப்பிள்ள?"

எனக்குப் புரிய நேரமாயிற்று. 'ஒங்க அண்ணியாரு இங்க மண்டபம் எடுத்து கல்யாணம் வெச்சிருக்காங்க, நாளிக்கி முகூர்த்தம், வரலியா?' என்று கலியபெருமாள் ராஜவேலுவுக்குப் போன் செய்திருக்கிறார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

"இவகிட்ட நான் அப்பவே சொன்னங்க அண்ணி" என்றார் ராஜவேலு. "ஒங்கக்கா அப்பிடியெல்லாம் ஆடியில பண்ண மாட்டாங்க, ஆவணியிலதான் பண்ணுவாங்கன்னு."

செபஸ்தியான் சிரிப்பை அடக்க மைக்கின் பின்னால் போனான். படம் எடுக்கிறேன் என்று விளக்கினேன். மங்கை மெல்லப் பழத்தட்டை வாங்கித் தரையில் வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வாடியதுதான் எனக்கு ஆச்சரியம். நாற்பத்தெட்டு வயதில் நான் யாரையோ கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நம்பி, வழியில் கடையில் நிறுத்தி எனக்குப் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அரக்கு நிறம்.

"என்னா படம்?" என்று கேட்டாள். எடுத்த காட்சியை நூர் போட்டுக் காட்டிவிட்டாள். தடுத்திருக்கலாம்.

மங்கை முழுக்கப் பார்த்தாள். "இவ ஏன் உள்ள இருக்கா? வெளிய மோளம் கொட்டுறாங்க இல்ல?"

"பொருட்களைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டுமே."

"தங்கச்சிக்குத் தாலி கட்றப்பவா? நீ என் பின்னாலதான நின்ன. பின்னலத் தூக்கிப் புடிச்சியே."

அப்பா வீடியோ வேண்டாம் என்றுவிட்டார். புகைப்படத்தில் அட்சதை தூவும் கைகள்தான் தெரியும். ஆகவே இதற்குச் சான்று எதுவும் கிடையாது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"இல்லை" என்றேன். "நான் சாமான் அறையில் இருந்தேன். சித்தி சாவியை என்னிடம் கொடுத்திருந்தாள். பொறுப்பான ஆள் வேண்டும் என்று."

நூர் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தாள். ராஜவேலு மேளக்காரர்களிடம் எந்த ஊர் என்று கேட்கப் போனார்.

"பொறுப்பு" என்றாள் மங்கை. "மூத்தது கட்டாம நிக்கிதேன்னு இவரு வீட்டு ஆளுங்க கேட்டுறக் கூடாதுன்னு உள்ள வெச்சி சாத்தியிருக்கு சித்தி. அதான?"

"அது எனக்குத் தெரியாது."

"தெரியும்."

பிறகு சொன்னாள். "அக்கா வந்தாத்தான் தல குனிவன்னு நான் சொன்னன் அன்னிக்கி. ஐயரு அவசரப்படுத்துறாரு. நான் குனியல. யாரோ வந்து பின்னலத் தூக்குனாங்க. 'அக்காதான் புடிச்சிருக்கா, குனி'ன்னு சித்தி சொல்லிச்சி. குனிஞ்சன். திரும்பிப் பாக்கலக்கா."

இது எனக்குத் தெரியாது. இவ்வளவு காலமாகத் தெரியாது.

"யாரா இருக்கும்?" என்றாள்.

"தெரியவில்லை."

அவள் காபி குடிக்காமல் போனாள். கார் திரும்பும்வரை என்னைப் பார்க்கவில்லை. புடவைப் பை பழத்தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

நாளைக்கான திட்டம்: நூரின் யோசனைப்படி மணப்பெண்ணை முதுகுப்புறமிருந்து மட்டும் காட்டுவது. மணப்பெண் செபஸ்தியான். அவனுக்கு இலக்கியாவின் கூறைப்புடவை. "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா" என்றான். சம்மதித்துவிட்டான். ஒலிப்பதிவை நான் பார்க்க வேண்டும். அக்கா தூணுக்குப் பக்கத்திலோ எங்கோ நிற்பாள், அல்லது நிற்கவே மாட்டாள். சொதப்பும் என்றுதான் நினைக்கிறேன். மங்கை வரமாட்டாள். போன் செய்தேன், எடுக்கவில்லை.

ஜூலை 26, ஞாயிறு

நடந்தது இது.

செபஸ்தியான் பிடரியைச் சிரைத்துக்கொண்டு, பவுடர் போட்டு, தயாராக இருந்தான். பாதிப் புடவை கட்டியிருந்தபோது மங்கை உள்ளே வந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுதான் பொண்ணா? தோளு உலக்க மாதிரி இருக்கு. அவுருப்பா."

"எதை?" என்றான் அவன்.

"பொடவைய. நான் கட்டிக்கிறன்."

ராஜவேலு பின்னால் பட்டு வேட்டியில் வந்தார். தொப்பைக்கு மேல் வேட்டி நிற்காமல் பெல்ட் போட்டிருந்தார். மாப்பிள்ளையாக இருந்த எங்கள் வகுப்புப் பையனிடம், "தம்பி, எடத்த விடு. ஏற்கெனவே கட்டுனவன் நானு" என்றார். பிறகு என்னிடம், "ராத்திரியெல்லாம் தூங்க விடலைங்க அண்ணி. கட்டுன தாலிய திரும்பக் கட்டுன்னு ஒரே புடி."

"ஆடி" என்றேன்.

அன்னதானத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அஞ்சலை அங்கிருந்தே தீர்ப்பு சொன்னார். "கட்டிக்கிட்டவங்களே கட்டிக்கிறதுல என்னாங்க இருக்கு? ஆனவங்களுக்கு ஆடி என்னா, ஆவணி என்னா." கலியபெருமாளும் ஆமாம் என்றார். இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை.

மங்கை என்னிடம் நேராகப் பேசவில்லை. துணிக்கடைப் பையை எடுத்து என் கையில் வைத்தாள். "போயி கட்டிக்கிட்டு வா. என் பின்னால நில்லு."

நான் இயக்குநர், மானிட்டரின் பக்கத்தில் இருக்க வேண்டும், அக்காவாக நடிப்பது தாமரை, அவளுக்கு வயது முப்பதுகூட இல்லை என்றெல்லாம் சொன்னேன். "கை மட்டுந்தான் மேடம் ஃபிரேம்ல வரும்" என்றாள் நூருன்னிசா. ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், யாரையும் கேட்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு மணவறைக்குப் பின்னால் போய்விட்டாள்.

புடவை கட்டிக்கொண்டு வந்தேன். நூர் என்னைப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள். "கன்டினியூட்டி போச்சு மேடம். சாமான் ரூம்ல அக்கா கட்டியிருந்தது பச்ச நூல் சேலை. இது அரக்குப் பட்டு."

"தெரியும்."

"அப்ப பின்னால நிக்கிறது அந்த அக்கா இல்லியா?"

"அவள் உள்ளேதான் இருக்கிறாள். இது தங்கச்சி நினைத்துக்கொண்டிருந்த அக்கா."

நூர் தலையாட்டினாள். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உள்ளே ஒருத்தி தேங்காய் எண்ணுகிறாள், வெளியே ஒருத்தி நிற்கிறாள். படம் இதுதான். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. தேர்வுக்குழுவில் கேட்பார்கள், கேட்கட்டும்.

ஒலிபெருக்கி நின்றது. கூட்டம் அமைதியானது. நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, பெண்கள் அட்சதையைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தவில்காரர் என்னைப் பார்த்தார். நான் மணவறைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததால் "ஆக்‌ஷன்" சொன்னது நூர்.

கெட்டி மேளம் தொடங்கியது. அதை இவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதில்லை. மார்புக்குள் அடித்தது. மங்கை குனிந்தாள். ராஜவேலு கயிற்றைக் கழுத்துக்குக் கொண்டுவந்தார். நான் பூவோடு பின்னலைப் பிடித்துத் தூக்கினேன்.

பின்னல் முழுதாக என் கையோடு வந்துவிட்டது.

சவுரி. கல்யாணத்தன்று முழங்கால் வரை பின்னல் தொங்கியவள் இவள். இப்போது உச்சியில் கொஞ்சம், பிடரியில் ஒரு கொத்து நரை. முன்வரிசையில் அஞ்சலை வாயில் கை வைத்தார். ராஜவேலுவின் விரல்கள் முடிச்சில் நின்றன, தோள்கள் குலுங்கின. கட் சொல்லத்தான் வேண்டும். சொல்ல வேண்டியவள் நான். இடது கையில் சவுரியும் மல்லிகைச் சரமும் தொங்கிக்கொண்டிருந்தன. வலது கையால் அந்தச் சின்னக் கொத்தை ஒதுக்கி, மாலையையும் சேர்த்து மேலே தூக்கினேன்.

மங்கை தலையை நிமிர்த்தவில்லை. "விட்டுடாதக்கா" என்றாள்.

விடவில்லை. முதல் முடிச்சு, இரண்டாவது. மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டியது. அந்தப் பாத்திரத்துக்கு நாங்கள் ஆள் வைக்கவே இல்லை என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. ராஜவேலு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அதையும் தானே போட்டார். அட்சதை மழையாக விழுந்தது. பாதி என் மேல்.

அதற்குப் பிறகு நூர் கட் சொன்னாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் பின்பக்கம் ஒலிபெருக்கியைத் திரும்பப் போட்டதுகூட யாருக்கும் கேட்கவில்லை. மங்கை திரும்பி என் கையிலிருந்த சவுரியைப் பிடுங்கினாள். "நாளு பூரா குத்திக்கிட்டே இருந்துச்சி, சனியன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பினாலா என்று கேட்கும் நிலையில் நானும் இல்லை.

இன்னொரு டேக் போகலாமா என்றாள் நூர். ராஜவேலு, "ரெண்டு தரம் கட்டியாச்சு, மூணாவதுக்குத் தெம்பு இல்லம்மா" என்றார். பந்திக்கு இலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

செபஸ்தியான் பாதி பவுடர் கலைந்த முகத்தோடு ஹெட்போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தான். மேளம், கூட்டம், அதற்கு நடுவே மங்கையின் குரல்.

"ஸ்கிரிப்ட்ல இல்லாத டயலாக் ஒண்ணு விழுந்துட்டு மேடம். மேளத்தை மேல ஏத்தி மறைச்சிரவா?"

இருக்கட்டும் என்றேன்.